காலி மாதங்களுக்கு யார் வருவார்கள்?

மே மாதம் முதல் வாரத்தில் ஹிக்கடுவைக்குப் போனால், கடற்கரை உணவகங்களில் நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடக்கும். கடல் மண்ணிறமாகக் கொந்தளித்துக்கொண்டிருக்கும். அலைச்சறுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொடியன்கள் பலகைகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பார்கள். அவர்கள் இறங்கும் இடம் இலங்கையின் மறு கரையில் இருக்கிறது. பொத்துவிலுக்குத் தெற்கே, ஊர்க்காரர்கள் உல்லை என்று சொல்லும் அறுகம்பையில், அதே வாரம் விடுதிச் சுவர்களுக்குப் புதுச் சுண்ணாம்பு ஏறிக்கொண்டிருக்கும். கிடுகு மாற்றும் வேலை நடக்கும். பலகை வாடகைக் கடைகளில் போன வருடத்து உடைசல்களுக்குப் பிசின் தடவிக் காயவைத்திருப்பார்கள்.

ஒரு கரை மூடும்போது மறு கரை திறக்கிற நாடு இது. உலகத்தில் எத்தனை சுற்றுலா நாடுகளுக்கு இப்படி வாய்த்திருக்கிறது? ஆனாலும் இலங்கையின் சுற்றுலாக் கணக்கில் மே மாதம் வருடா வருடம் பள்ளமாகத்தான் விழுகிறது. ஈஸ்டர் குண்டுவெடிப்பும் கொரோனாவும் வருவதற்கு முந்தைய நல்ல ஆண்டான 2018ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு மொத்தம் 23 இலட்சத்து 33 ஆயிரம் பேர் வந்தார்கள். ஜனவரி, பெப்ரவரி, மார்ச் ஒவ்வொன்றிலும் 2 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல். டிசெம்பரில் 2 இலட்சத்து 53 ஆயிரம். மே மாதம் வந்தவர்கள் 1 இலட்சத்து 29 ஆயிரம்தான். ஜூனில் 1 இலட்சத்து 47 ஆயிரம். ஜூலையில் மறுபடி 2 இலட்சத்தைத் தாண்டி, செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும் 1½ இலட்சம் அளவுக்கு இறங்கிவிட்டது. டிசெம்பரில் வருகிறவர்களில் பாதிப்பேர்தான் மே மாதம் வருகிறார்கள். கட்டில் அதே கட்டில், சமையற்காரர் அதே சமையற்காரர், வங்கிக் கடனுக்கு மாதத் தவணையும் அதே தவணை.

இந்தப் பள்ளம் மழையால் மட்டும் விழுந்ததென்று சொல்லிவிட முடியாது. ஜூலை, ஆகஸ்டிலும் தென்மேற்குப் பருவக்காற்று வீசத்தான் செய்கிறது. அப்போது ஏன் கூட்டம் ஏறுகிறது? ஐரோப்பாவில் பள்ளிக்கூட விடுமுறை. கண்டியில் எசல பெரஹரா, நல்லூரில் கொடியேற்றம், மடுவில் ஆவணித் திருவிழா. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் நம் குடும்பங்கள் பிள்ளைகளோடு ஊருக்கு வரும் மாதங்கள் அவை. மழை அவர்களைத் தடுப்பதில்லை. மே மாதத்தில் லீவு இல்லாததுதான் தடுக்கிறது. ஆகவே காலி மாதங்களைப் பற்றிப் பேசும்போது வானிலைப் படத்தைப் பார்ப்பதைவிட, யாருக்கு எப்போது லீவு என்று பார்ப்பது பயன் தரும்.

சுற்றுலாக் கூட்டங்களில் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து தள்ளுபடி. மே, ஜூனில் அறை வாடகையை 40 சதவீதம் குறைத்தால் வருவார்கள் என்பார்கள். பிள்ளையை ஏழாம் வகுப்பில் படிக்கவைத்திருக்கும் ஜெர்மன் குடும்பத்துக்கு அறையை இலவசமாகக் கொடுத்தாலும் மே மாதம் வர முடியாது. வரக்கூடியவர்கள் வேறு ஆட்கள். பரீட்சை முடித்து அடுத்த வகுப்பு தொடங்கக் காத்திருப்பவர், ஒரு வேலையை விட்டு அடுத்த வேலையில் சேருமுன் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டவர், மடிக்கணினி ஒன்றை வைத்துக்கொண்டு எங்கிருந்தும் வேலை செய்யக்கூடியவர், இன்னும் கலியாணம் பிள்ளை குட்டி என்று கட்டுப்படாதவர். அதாவது பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் இருப்பவர்கள். இளைஞர்களைக் கூப்பிடுங்கள் என்று சொல்வதற்கு இதைவிட எளிய காரணம் இல்லை. அவர்களுடைய நாட்காட்டியில்தான் மே மாதம் திறந்திருக்கிறது.

இந்த உத்தியை இலங்கைக்குச் சுற்றுலாத்துறை கற்றுக்கொடுக்கவில்லை. மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருவதுதான். தென்மேற்குப் பருவக்காற்று எழும்பி மேற்குக் கடல் குமுறும்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் வலையும் குடும்பமுமாகக் கிழக்குக் கரைக்குப் பெயர்ந்து, திருகோணமலை, முல்லைத்தீவுக் கரைகளில் வாடி போட்டுத் தங்குவார்கள். வாடைக்காற்று தொடங்கியதும் திரும்பிவிடுவார்கள். அதில் யாருடைய கரை, யாருக்கு வலை போடும் உரிமை என்ற சண்டைகள் உண்டு; இன்றுவரை முல்லைத்தீவில் அது ஆறாத புண். ஆனால் தீவின் இரு பக்கக் கடலும் முறைவைத்து உழைக்கும் என்ற அறிவு அவர்களிடமிருந்து வந்தது. ஹிக்கடுவைப் பொடியன் பலகையோடு பஸ் ஏறும்போது அந்தப் பழைய வழியில்தான் போகிறான்.

அறுகம்பையை 1970களிலிருந்தே அலை தேடும் இளைஞர்கள் அறிவார்கள். அவர்கள் சொகுசு விடுதியைத் தேடி வரவில்லை. அப்போது அங்கே அப்படி ஒன்று இருக்கவும் இல்லை. தெற்கிலிருந்து, குறுக்கே நிலமில்லாத பெருங்கடலிலிருந்து வரும் அலை, அறுகம்பை முனையில் மோதி வளைந்து, வலப்பக்கமாக நீண்ட தூரம் சுருண்டுகொண்டே போகும். ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை காலை வேளைகளில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலையின் முகம் கண்ணாடி போல நிமிர்ந்து நிற்கும். நவம்பர் வந்ததும் வாடைக்காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கத் தொடங்கும், அலை குலைந்துவிடும். மேற்குக் கரையைக் கெடுக்கிற அதே பருவக்காற்று இங்கே சீசனைக் கொண்டுவருகிறது.

போர்க்காலத்தில் இந்த ஊருக்குப் போகும் சாலையே கேள்விக்குறியாக இருந்தது. 2004 டிசெம்பர் 26இல் சுனாமி கடற்கரையோரத்தை வழித்தெடுத்தது. களப்பின் மேலிருந்த பாலம் பிறகு அமெரிக்க உதவியில் புதிதாகக் கட்டப்பட்டது. இவ்வளவுக்கும் பிறகு ஊரை மறுபடி எழுப்பியவர்களில், இரவு பஸ்ஸில் மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக முதுகுப் பையோடு வந்து இறங்கிய இளைஞர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். அருகில் பெரிய விமான நிலையம் கிடையாது. குளிரூட்டிய காரில் நான்கு நாளில் தீவைச் சுற்றிப் பார்க்கிற பயணி இங்கே வருவதில்லை. வருகிறவர் இரண்டு வாரம், மூன்று வாரம் தங்குகிறார். 2019 ஏப்ரல் 21 தாக்குதலுக்குப் பிறகு, அடுத்த மாதம் நாடு முழுவதற்கும் வந்த பயணிகள் 38 ஆயிரம் பேர்கூட இல்லை. அந்த ஆண்டின் செப்டெம்பரிலேயே உலக அலைச்சறுக்கு லீக்கின் தகுதிப் போட்டி ஒன்று அறுகம்பையில் நடந்தது. இளைஞர்கள் பயத்திலிருந்தும் சீக்கிரம் திரும்பி வருகிறார்கள்.

அங்கே ஓடும் முச்சக்கர வண்டி ஒன்றைச் சற்று நின்று பார்த்தால் இந்தப் பொருளாதாரம் முழுதும் புரியும். கூரையின் மேல் இரும்புக் கம்பியில் செய்த தாங்கி. அதற்குப் பழைய ரப்பர்க் குழாய் சுற்றியிருக்கும், பலகையில் கீறல் விழாமல் இருக்க. அதன்மேல் மூன்று நான்கு பலகைகள், நாடாவால் இறுக்கிக் கட்டி. விடியற்காலை ஐந்து மணிக்கே விடுதி வாசலில் நிற்பார் ஓட்டுநர். தெற்கே பீனட் ஃபார்ம், எலிபன்ட் ரொக் பக்கமோ, வடக்கே ஊறணிப் பக்கத்து விஸ்கி பொயின்றுக்கோ கொண்டுபோய் இறக்கி, இரண்டு மூன்று மணிநேரம் மணலில் காத்திருந்து, திரும்ப அழைத்து வருவார். எந்தக் காற்றுக்கு எந்த முனை நன்றாயிருக்கும், எங்கே மணல் சேர்ந்திருக்கிறது என்று சொல்வதும் அவர்தான். மீன்பிடிக் குடும்பத்தில் வளர்ந்தவருக்கு அதைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. போகிற வழியில் ஒரு அம்மா தென்னோலைக் கொட்டிலில் ரொட்டி சுடுவார். திரும்புகிற வழியில் இளநீர். உடைந்த துடுப்பை ஒட்டிக்கொடுக்க ஒரு கடை. பாசிக்குடாவின் பெரிய விடுதிகளில் ஒருவர் ஒரு நாளில் செலவழிப்பதை இந்த இளைஞர் ஒரு வாரத்தில்தான் செலவழிப்பார். ஆனால் அந்தக் காசு ஆறு கைகளில் போய்ச் சேர்கிறது, அன்று மாலையே.

அதிகாரத்தில் இருப்பவர்கள் ‘அதிகம் செலவழிக்கும் பயணி’ வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நாட்டுக்கு டொலர் தேவை, அதை மறுக்கவில்லை. 2018இல் சுற்றுலா கொண்டுவந்தது 438 கோடி டொலர். 2024இல் பயணிகள் 20 இலட்சத்தைத் தாண்டியும் வருமானம் 317 கோடியளவில்தான் நின்றது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் ஒரு நாளுக்கு எவ்வளவு என்று மட்டும் பார்த்தால், எந்த மாதத்தில், எந்த மாவட்டத்தில், யார் கையில் என்ற மூன்று கேள்விகளும் விழுந்துபோகின்றன. ஜனவரியில் காலியில் செலவழிக்கும் நூறு டொலரும் மே மாதம் பொத்துவிலில் செலவழிக்கும் முப்பது டொலரும் ஒரே தராசில் நிறுக்கக்கூடியவை அல்ல.

மேற்குக் கரையிலும் ஓர் ஊர் இதைச் செய்து காட்டியிருக்கிறது. கற்பிட்டி. புத்தளத்துக்கு அப்பால் நீண்டு கிடக்கும் அந்த நிலத்துண்டில் மே முதல் செப்டெம்பர் வரை காற்று ஓயாது. வள்ளத்தைக் கரையிலேயே கட்டிப்போட வைக்கிற காற்று. அந்தக் காற்றுக்காகவே ஐரோப்பாவிலிருந்து இளைஞர்கள் வருகிறார்கள், பட்டம் கட்டிக் களப்பில் சறுக்குவதற்கு. காற்று அடிக்காத நாள்தான் அவர்களுக்கு வீண் நாள். கற்பிட்டியின் தீவுகளைப் பெரிய உல்லாச விடுதிகளுக்கு ஒதுக்கும் திட்டம் வந்தபோது மீனவர்கள் எதிர்த்தார்கள். களப்பு ஓரத்தில் ஓலைக் குடில்களில் வளர்ந்த பட்டச் சறுக்குத் தொழில் அந்த அளவு நிலத்தைக் கேட்கவில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் கேரளமும் இதே கணக்கைப் போட்டது. ஜூன், ஜூலையில் கொட்டும் மழையை மறைக்காமல் மழையையே விற்றார்கள். கொளுத்தும் வெயிலில் இருந்து தப்பிக்கும் வளைகுடா நாட்டவர்கள் அதைத் தேடி வந்தார்கள். யாருக்கு மழை ஒரு வரம் என்று யோசித்ததுதான் அவர்கள் செய்த காரியம்.

அப்படியானால் இலங்கையின் மே மாதம் யாருக்கு வரம்? பதில் பாக்கு நீரிணைக்கு அப்பால் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு மே மாதம் விடுமுறை. சென்னையில் வெயில் 40 பாகையைத் தொடும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகவோ, அங்கே கூட்டத்தைக் கட்டுப்படுத்த 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. அதே நாட்களில் திருகோணமலையின் நிலாவெளிக் கடல் குளம் போலத் தெளிந்து கிடக்கும். அறுகம்பையில் சீசன் தொடங்கியிருக்கும், கூட்டம் இன்னும் சேர்ந்திருக்காது, பழகுகிறவர்களுக்கு ஏற்ற சின்ன அலை இருக்கும். செப்டெம்பர், ஒக்டோபர்ப் பள்ளத்துக்கும் இதே பதில்தான்: ஆயுத பூஜை, காலாண்டு விடுமுறை, தீபாவளி. ஐரோப்பிய நாட்காட்டியில் காலியாக இருக்கும் இடங்களில் இந்திய நாட்காட்டியில் விடுமுறை விழுகிறது.

இந்தியர்கள் வராமல் இல்லை. பல ஆண்டுகளாக முதலிடம் அவர்களுக்குத்தான்; 2018இல் 4 இலட்சத்து 24 ஆயிரம் பேர் வந்தார்கள். ஆனால் பெரும்பாலும் கொழும்பு, கண்டி, நுவரெலியா என்று நான்கைந்து நாள் குடும்பச் சுற்றுலா. முதுகுப் பையோடு கிழக்கே வரும் தமிழ்நாட்டு இளைஞர்கள் குறைவு. ஆர்வம் இல்லை என்று சொல்ல முடியாது. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவர் பிள்ளைகள் அலைச்சறுக்கில் பேர் வாங்கிவிட்டார்கள். வார இறுதிகளில் ஐடி வேலைக்காரர்கள் அவர்களிடம் பழகுகிறார்கள். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே நடந்து, ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். இந்தப் பிள்ளைகளுக்கு அறுகம்பை அலையைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கே இறங்கினால் மொழியும் தடையில்லை. பொத்துவிலில் கடைக்காரரும் ஓட்டுநரும் பலகை வாடகைக்காரரும் பேசுவது தமிழ். இந்த வசதி ஐரோப்பாவிலிருந்து வருகிற எந்தப் பயணிக்கும் கிடைக்காதது. இதை விளம்பரத்தில் ஒருவரும் சொல்வதில்லை என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

வெளியே தேடுகிறவர்கள் வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். இலங்கையின் தெற்குக் கடற்கரையில் சில இடங்களில் உள்ளூர் இளைஞர்களை உள்ளே விடுவதில்லை என்ற புகார் வெகுநாளாக உண்டு. ‘வெளிநாட்டவருக்கு மட்டும்’ என்று வாசலில் சொல்லப்பட்டுத் திரும்பியவர்கள் என் நண்பர்களிலும் இருக்கிறார்கள். மே மாதம் பத்து அறையில் எட்டு காலியாகக் கிடக்க, பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ படிக்கும் மாணவரை வாசலிலிருந்து திருப்பி அனுப்புகிற ஊருக்குச் சீசன் பிரச்சினை இருப்பதில் வியப்பில்லை. உள்ளூர்ப் பெண் பிள்ளைகள் நிலை இன்னும் கடினம். அறுகம்பையில் 2018இல் பெண்களுக்கென்றே ஓர் அலைச்சறுக்குக் கழகம் தொடங்கியபோது அவர்கள் முதலில் கடக்க வேண்டியிருந்தது அலையை அல்ல, ஊர்வாயை. முன்பு சமையலறையிலும் சலவையிலும் மட்டும் வேலை செய்த பெண்கள் சிலர் இன்று பலகையோடு தண்ணீரில் நிற்கிறார்கள். தனியாகப் பயணம் செய்யும் இளம் பெண் ஒரு கடற்கரையை நம்புவதற்கு, அந்த ஊர்ப் பெண் அதே தண்ணீரில் நிற்பதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

இளைஞர் கூட்டம் கொண்டுவரும் தொல்லைகளையும் சொல்லத்தான் வேண்டும். விடிய விடியப் பாட்டு, பிளாஸ்டிக் குவியல், கோடையில் உவர்த்துப்போகும் கிணறுகள். ஓகந்தை முருகனைக் கும்பிட்டுக் குமண, யால காடுகளுக்குள் நடந்து கதிர்காமம் போகும் பாதயாத்திரிகர்கள் இதே ஜூன், ஜூலையில்தான் இந்தச் சாலையில் போகிறார்கள். அந்த ஊரில் எப்படி உடுத்துவது, எங்கே குடிப்பது என்பதற்கு ஓர் ஒழுங்கு வேண்டாமா? அதைவிடப் பெரிய ஆபத்து ஒரே நாட்டவரை நம்பிக் கடை விரிப்பது. அறுகம்பைக்கு இராணுவ சேவை முடித்த இஸ்ரேலிய இளைஞர்கள் பெருந்தொகையாக வரத் தொடங்கினார்கள். காஸா போர் நடக்கும்போது, 2024 ஒக்டோபர் 23இல், தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. ஊர் பொலிஸால் நிரம்பியது, அறைகள் காலியாயின. பெரும்பான்மை முஸ்லிம்கள் வாழும் பிரதேசத்தில், உலகத்தின் கோபமெல்லாம் ஒரு சின்னக் கடற்கரைத் தெருவில் வந்து நின்றது. சீசனைச் சமன்செய்வது என்றால் மாதங்களை மட்டுமல்ல, வருகிறவர்களின் நாடுகளையும் பரப்ப வேண்டும்.

நவம்பர் முதல் மார்ச் வரை அறுகம்பையை என்ன செய்வது? இங்கே என் கருத்து பலருக்குப் பிடிக்காமல் போகலாம். அந்த மாதங்களை நிரப்ப வேண்டாம். மாரி கிழக்கில் விளையாட்டல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கிழக்குக் கரையில் ஏறி, நாடெங்கும் 600க்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. அதோடு, சுற்றுலாக்காரர் கண்ணுக்குக் காலியாகத் தெரியும் அந்த மாதங்கள் ஊருக்குக் காலி இல்லை. அம்பாறை மாவட்டத்தின் பெரும்போகம் அப்போதுதான். ஒக்டோபரில் பலகையை அடுக்கி வைத்த பொடியன் நவம்பரில் வாப்பாவின் வயலில் நிற்பான். அறுவடை முடித்து மார்ச் கடைசியில் விடுதிக்கு வருவான். கடலும் வயலும் மாறி மாறிச் சோறு போடும் இந்த முறையை ஒரு குறைபாடு என்று நினைத்துத் திருத்தப்போனால் கெடுத்துவிடுவோம்.

வயல் இல்லாதவர்தான் இதில் அடிபடுகிறார். முச்சக்கர வண்டியை லீசிங்கில் எடுத்தவருக்கு ஜனவரியிலும் தவணை உண்டு. அறை கூட்டும் பெண்ணுக்கு ஒக்டோபரோடு சம்பளம் நிற்கும். ஊழியர் சேமலாப நிதி என்ற பேச்சே இருக்காது. இவர்களுக்கு ஆறு மாதத் தவணையை ஏற்றுக்கொள்ளும் லீசிங் திட்டம் வேண்டும்: சீசனில் கூடுதலாகக் கட்டி, மாரியில் நிறுத்திவைக்கிற மாதிரி. பயிருக்குக் கடன் கொடுக்கும்போது அறுவடை வரை காத்திருக்கத் தெரிந்த வங்கிகளுக்கு இது புதிய யோசனை அல்ல. சீசன் ஏப்ரல் நடுவிலேயே உண்மையாகத் தொடங்கி ஒக்டோபர் கடைசிவரை ஓடினால், இன்று நான்கு மாதம் மட்டும் நன்றாக உழைக்கும் அந்தப் பெண்ணுக்கு ஆறரை மாதச் சம்பளம் கிடைக்கும். இளைஞர்களைக் கூப்பிடுவதன் பலனை அந்த இரண்டரை மாதத்தில்தான் அளக்க வேண்டும். சுற்றுலா அதிகாரசபை மாதாமாதம் நாட்டுக்கு வந்தவர்களின் தொகையை வெளியிடுகிறது. மாவட்டவாரியாக, மாதவாரியாக எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள் என்றும் அதே ஒழுங்கில் வெளியிடட்டும்.

செய்ய வேண்டியவற்றில் மிகச் சாதாரணமானது போக்குவரத்து. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் இருக்கிறது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023இல் தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. வாடைக்காலத்தில் நிறுத்தப்படும் அந்தக் கப்பல், நமக்கு ஆள் தேவைப்படும் மாதங்களில் ஓடக்கூடியது. ஆனால் யாழ்ப்பாணத்தில் இறங்கிய இளைஞர் பொத்துவில் போய்ச் சேர ஒரு முழுநாள் பிடிக்கிறது, பஸ் மாறி மாறி. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை மட்டும், பலகையை ஏற்ற இடமுள்ள ஒரு பஸ், கப்பல் வரும் நாட்களில் யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலை, மட்டக்களப்பு வழியாகப் பொத்துவிலுக்கு ஓடினால் போதும். இடையில் மட்டக்களப்பில் ஓர் இரவு தங்கலாம். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியில் உட்கார்ந்து, நீரில் விட்ட துடுப்பின் மறுமுனையில் காதை வைத்து, பாடும் மீன் கேட்கிறதா என்று பார்க்க அங்கே தோணிக்காரர்கள் கூட்டிப்போவார்கள். மீன் பாடுவதும் கோடைமாதங்களில்தான்.